துண்டுக்குள் மூன்றாவது கை

ஆட்டு வியாபாரத்தில் ஆட்டால் வரும் தொந்தரவு குறைவு. ஆட்டைப் பற்றிப் பேசுகிறவர்களால் வருவதுதான் அதிகம். மேச்சேரியில் தீவனக் கடை வைத்திருக்கும் என்னை, ஆடு வாங்கி விற்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றுக்கு அட்மினாக உட்கார வைத்தார்கள். காரணம் கேட்டேன். "நீங்க ஆடு விக்கறதுமில்ல, வாங்கறதுமில்ல. அதனால உங்கள நம்பலாமுங்க" என்றார்கள். குடும்பக் குழுவோ தெருக் குழுவோ, ஏதோ ஒன்றுக்கு அட்மினாகி மாட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது புரியும்.

போனில் போட்ட துண்டு

சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் கையைத் துண்டுக்குள் விட்டு, விரலைப் பிடித்தே பேசி முடிப்பார்கள். கை துண்டுக்குள் இருக்கும்வரை மூன்றாவது ஆள் வாயைத் திறப்பதில்லை. எங்கள் குழுவிலோ ஒருவர் விலை கேட்டதும் பத்துப் பேர் நாட்டாமைக்கு வந்துவிடுவார்கள். "அந்த வெலைக்குப் பெறாதுங்க" என்று ஒருவர் எழுதுவார், வாங்க வந்தவர் ஓடிவிடுவார்.

இதில் அதிகம் அடிபட்டவள் கெங்கவல்லிப் பக்கத்துச் செல்வி. புருஷன் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியோடு வடநாட்டில் இருக்கிறான். சந்தைக்கு இவள் ஆட்டை ஓட்டிப் போனால், பொம்பளையோடு துண்டு போட மாட்டோம், ஆம்பளையைக் கூட்டி வா என்று தரகர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். எங்கள் குழுவை விட்டால் அவளுக்கு வேறு சந்தை கிடையாது. கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றே விதி போட்டேன். விலை பேச நினைப்பவர் ஆட்டின் படத்துக்குக் கீழே 'துண்டு' என்று எழுத வேண்டும். பேரம் தனியாக நடக்கும். பேரம் முடிந்து 'துண்டு எடுத்தாச்சு' என்று அவர் எழுதும்வரை மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. ஆட்டில் குறை தெரிந்தால் எனக்கு மட்டும் சொல்லலாம். மீறினால் ஒரு மாதம் வெளியே.

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஒரு பழைய தரகர் மட்டும் போன் போட்டுக் கேட்டார்: "ஏனுங்க, துண்டப் போனுக்குள்ள போட்டுட்டா தோளுல எதைங்க போடறது?"

கிடாய்க்குப் பக்கத்தில் குடம்

நாமக்கல்காரர் ஒருவர் தரையில் படுத்துக்கொண்டு கிடாயைப் படம் எடுப்பார். நேற்றுப் பால் மறந்த குட்டிகூடக் காளை மாதிரி நிற்கும். "இது ஆடா, ஒட்டகமா?" என்று ஒருவர் கேட்க, பேச்சு இரண்டு பேருடைய பாட்டன் வரைக்கும் போனது. இனி ஆட்டுக்குப் பக்கத்தில் ஒரு குடம் வைத்துத்தான் படம் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாளே குடத்தோடு படம் வந்தது. கிடாய் அதே ஒட்டகமாகத்தான் நின்றது. உற்றுப் பார்த்தால் அது திருவிழாக் கடையில் பிள்ளைகளுக்கு வாங்கித் தருகிற சொப்புக் குடம். கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். மனிதர் கொஞ்சமும் அசரவில்லை: "குடம் வெக்கச் சொன்னீங்க, வெச்சனுங்க. எந்தக் குடம்னு நீங்க சொல்லலீங்களே?"

மரியாதை கெடாத சண்டை

எங்கள் பக்கத்தில் திட்டும்போதுகூட மரியாதை குறையாது. அதனால் யார் யாரைத் திட்டினார்கள் என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. திட்டியவர் குழுவிலேயே, தன் குரலிலேயே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது என் அடுத்த விதி. எழுதிப் போட்டால் மகனை விட்டு எழுதச் சொல்லிவிடுகிறார்கள். அந்த விதிப்படி முதலில் வந்த மன்னிப்பை அப்படியே தருகிறேன்: "உங்களத் திருடன்னு சொன்னது தப்புங்க. மனசுல நெனச்சதோட நிறுத்தியிருக்கோணுமுங்க."

என் தம்பியின் வாய்

செல்வி நாலு பெட்டையாட்டைப் படம் போட்டாள். திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர் 'துண்டு' போட்டார். பேரம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவன் குறுக்கே எழுதினான்: "சுத்த மேச்சேரி இனம் இல்ல, கலப்பு." எழுதியவன் சேகர். தரகன். என் கூடப்பிறந்த தம்பி. அவனுக்கும் அன்று விற்க ஆடு இருந்தது.

வாங்க வந்தவர் துண்டை எடுத்துவிட்டார். செல்வி சண்டைக்கு வரவில்லை. "அக்கா, நான் குழுவ விட்டுப் போயிடறேன்" என்று எனக்குத் தனியாக எழுதினாள். குழுவில் எல்லோரும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பியின் பெயரை எழுதி, காரணத்தையும் எழுதி, வெளியே தள்ளினேன். பிறகு செல்வியிடம் வீடியோ வாங்கி, ஆடு வளர்க்கும் பெரியவர்கள் இரண்டு பேரிடம் காட்டினேன். சுத்தமான மேச்சேரி என்று இருவரும் குழுவிலேயே சொன்னார்கள். திருச்செங்கோட்டுக்காரர் திரும்பி வந்து துண்டு போட்டார். ஆடு நாலும் அவர் வண்டியில் ஏறின.

ஒரு வாரம் கழித்துச் செல்வியின் பெயரில் ஒரு கிடாயின் படம் வந்தது. பின்னால் தெரிந்த கொட்டகை என் தம்பியுடையது. சந்தேகப்பட்டு அவளைக் கூப்பிட்டேன். சேகர் அவளுக்குக் குரல் பதிவில் மன்னிப்புக் கேட்டு அனுப்பியிருந்தானாம். அதற்காக அவன் கிடாயை நீ ஏன் போட்டாய் என்றேன். சிரித்தாள்: "சந்தையில துண்டு போட ஆளில்லாம நானும் நின்னிருக்கேன் அக்கா. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

இப்போது எங்கள் குழுவில் எல்லோரும் எல்லோரோடும் மரியாதையாகப் பேசுகிறார்கள், என் தம்பி என்னோடு பேசாததைத் தவிர.