கைராசிக்காரர் கை வைத்த லேப்டாப்

பல் அடைத்துக்கொள்ளப் போனவள் வீடு திரும்பியபோது மணி பன்னிரண்டாகியிருந்தது. போட்ட ஊசியில் வலது கன்னம் மரத்துப்போய், அது யாருடைய கன்னமோ என்று இருந்தது. மூன்று மாடி ஏறி வந்து கதவைத் தள்ளினாள். சாப்பாட்டு மேசையில் அவளுடைய லேப்டாப் திறந்திருந்தது; திரை கறுத்துக் கிடந்தது. அதன் முன்னால் அவள் கணவர், பக்கத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவர்.

ஸ்க்ரூடிரைவரைப் பார்த்ததும் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் மேசைக்கு வந்தாள்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. அப்டேட் ஓடுது. நீ போய் கொஞ்சம் படு" என்றார் அவர்.

வீட்டில் அவருக்குக் கைராசிக்காரர் என்று பெயர். வைத்தது அவருடைய அம்மா. பத்து வயதில் அவர் ஒரு தட்டுத் தட்டியதும் ஊமையாகக் கிடந்த ரேடியோ பாடிவிட்டதாம். அந்த ஒரு தட்டை வைத்துக்கொண்டு மனுஷர் நாற்பது வருஷம் ஓட்டிவிட்டார். குடிநீர் அலுவலகத்தில் வருகிற புகார்களுக்கு எண் போட்டு அடுக்குகிற பிரிவில் அவருக்கு வேலை. ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் இன்ஜினியர். கல்யாணமான புதிதில் மிக்ஸியைப் பிரித்தார். சேர்த்தபோது மூன்று திருகாணி மிஞ்சியது. "இது தேவையில்லாத திருகாணி, கம்பெனிக்காரன் சும்மா போட்டிருக்கான்" என்றார். வாஷிங் மெஷினைத் திருத்தப்போய், மகளுடைய பள்ளிச் சீருடை ஒரு நாள் முழுக்க அழுக்குத் தண்ணீரிலேயே ஊறியது. மனைவியின் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டதோடு அதன் கதை முடிந்தது.

அவர் கெடுப்பார், அவள் பூசி மெழுகுவாள். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் குடும்பம். விருந்தாளி வந்தால் "கரண்ட் பிரச்சினை" என்பாள். மாமியார் கேட்டால் "மெஷின் பழசாயிடுச்சு அத்தே" என்பாள். அப்படிச் சொல்லிச் சொல்லி, குறை மெஷின்களிடம்தான் இருக்கிறது என்று அவளே பாதி நம்பிவிட்டிருந்தாள்.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் அவள் டைப்பிங் கற்றுக்கொண்டு ஒரு வேலை பிடித்தாள். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புகிற குறிப்புகளைக் காதில் மாட்டிக் கேட்டு, அறிக்கையாக அடித்துத் தர வேண்டும். ஒரு டாக்டர் வாயில் எதையோ மென்றுகொண்டே பேசுவார். இன்னொருவர் லிஃப்டில் ஏறும்போது ஆரம்பித்து இறங்கும்போது முடிப்பார். பதினாலு வருஷம் இதைக் கேட்ட காது அவளுடையது. எந்த இடத்தில் டாக்டருக்கு நிச்சயமாகத் தெரிகிறது, எந்த இடத்தில் இழுத்து மழுப்புகிறார் என்பது குரலை வைத்தே அவளுக்குப் பிடிபட்டுவிடும்.

அன்றைக்கு நாலு மணிக்குள் பதினெட்டு அறிக்கைகள் போய்ச் சேர வேண்டும். எல்லாமே திங்கட்கிழமை அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களுடையவை. பதிமூன்றை முடித்து, லேப்டாப்பிலேயே வைத்துவிட்டுத்தான் பல் டாக்டரிடம் போயிருந்தாள்.

"என்ன பண்ணீங்க?" என்று கேட்க வாயைத் திறந்தாள். "எங்ங பங்ங" என்று ஏதோ வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்தாள்.

அவள் பேசாமலிருந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று. எழுந்து நின்று விளக்க ஆரம்பித்தார். "உன் லேப்டாப் ரொம்ப ஸ்லோ. நானும் எத்தனை நாள்தான் பாத்துக்கிட்டே இருக்கறது? சிஸ்டம் ரிஸ்டோர்னு ஒண்ணு இருக்கு. பழைய தேதிக்குக் கொண்டுபோயிட்டா புதுசு மாதிரி ஓடும். உனக்கு ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு பாத்தேன். நல்லாத்தான் போயிட்டிருந்தது. நடுவுல இந்த மெஷின்தான் கொஞ்சம்... அதாவது... அதுவா ஒரு மாதிரி நின்னுடுச்சு."

வழக்கமாக இந்த இடத்தில் அவள் குறுக்கே விழுந்து கத்துவாள், அவரும் கத்துவார், கடைசியில் யார் முதலில் கத்தினார்கள் என்பதே சண்டையாகிவிடும். இன்றைக்கு மரத்த வாயோடு, டாக்டர் பதிவைக் கேட்பதுபோல் அவரைக் கேட்டாள். 'அதாவது' என்ற இடத்தில் குரல் இறங்கியது. 'அதுவா' என்றபோது பொய் நன்றாகவே காதில் விழுந்தது. இந்த மனிதருக்கு ஒன்றுமே தெரியாது. இன்றைக்கு மட்டுமல்ல, என்றைக்குமே தெரிந்ததில்லை. அந்த ரேடியோகூடத் தானாகத்தான் பாடியிருக்கும்.

கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. காலில் ஒட்டிய சேற்றைப் பார்ப்பதுபோல் ஓர் இளக்காரம்தான் வந்தது.

லேப்டாப்பை எடுத்தாள். அடிப்பாகம் கொதித்தது. மின்பொத்தானை அழுத்தினாள். கம்பெனி முத்திரை வந்தது, அதன் கீழே புள்ளிகள் வட்டமாகச் சுற்றின, திரை கறுத்தது. மறுபடி முத்திரை, மறுபடி புள்ளிகள், மறுபடி கறுப்பு.

"பாத்தியா, ஓடுது" என்றார் அவர்.

அவள் ஒரு காகிதத்தில் எழுதி நீட்டினாள்: 'நடுவில் ஆஃப் செய்தீர்களா?'

"இல்லியே... ஒரே இடத்துல நின்னா என்ன பண்றது? பத்து நிமிஷம் பாத்தேன். அப்புறம் லேசா ஒரு அமுக்கு."

ரிஸ்டோர் முடியும்வரை அணைக்காதீர்கள் என்று திரையிலேயே எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டுத்தான் அமுக்கியிருக்கிறார்.

அவள் தன் கைபேசியில் தேடிப் படித்தாள். மகளைக் கூப்பிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது, வேண்டாமென்று விட்டுவிட்டாள். படித்ததில் ஒரு நல்ல சேதி இருந்தது: ரிஸ்டோர் சொந்தக் கோப்புகளைத் தொடாது. முதலில் செருகியிருப்பதையெல்லாம் பிடுங்கச் சொல்லியிருந்தார்கள். பக்கவாட்டில் அவருடைய பாட்டுப் பென்டிரைவ் துருத்திக்கொண்டிருந்தது. பிடுங்கி அவர் கையில் வைத்தாள். சார்ஜரைக் கழற்றி, மின்பொத்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து, திரும்பப் போட்டாள். பழையபடி கறுப்பு. இரண்டு தடவை முத்திரை வரும்போதே அணைத்தாள். மூன்றாம் தடவை நீலத் திரை வந்தது. பழுதுபார்க்கும் வழிகளை வரிசையாகக் காட்டியது.

"அய்யய்யோ, நீலம் வந்தா அவ்வளவுதான்! கடைக்குத்தான் கொண்டுபோகணும்" என்றார் அவர். ஸ்க்ரூடிரைவர் இதற்குள் அவர் கைக்கு வந்திருந்தது. அவள் அதை வாங்கி அலமாரி மேல் வைத்தாள்.

தானாகச் சரிசெய்யும் வழியை முதலில் அமுக்கினாள். பத்து நிமிஷம் யோசித்துவிட்டு, முடியவில்லை என்று கைவிரித்தது. அடுத்தது ரிஸ்டோர். அதைத் தொட்டதும், ஹார்ட் டிஸ்க் பூட்டியிருக்கிறது, நாற்பத்தெட்டு இலக்க எண்ணைக் கொடு என்று கேட்டது. அந்த எண், லேப்டாப்பை முதன்முதலில் யார் பெயரில் பதிந்தார்களோ அவர்களுடைய இணையக் கணக்கில் இருக்கும் என்று போட்டிருந்தது. அவள் சம்பாத்தியத்தில் வாங்கியதுதான். ஆனால் கடையிலிருந்து வந்த அன்றே, "உனக்கு இதெல்லாம் குழப்பம்" என்று அவர் தன் பெயரில் பதிந்திருந்தார்.

கன்னத்து மரப்பு இப்போது கொஞ்சம் விட்டிருந்தது. "உங்க போனைக் குடுங்க" என்றாள், சற்றுக் குழறலாக.

"நான் வாசிக்கிறேன், நீ அடி."

வாசித்தார். இரண்டாம் வரியில் ஓர் எண்ணை விட்டார். மறுபடி வாசித்தபோது ஒன்றை இரண்டு தடவை சொன்னார். "கண்ணாடி வேற எங்கியோ வச்சுட்டேன்" என்றார். கண்ணாடி அவர் தலைமேலேயே இருந்தது.

"வாசிக்க வேணாம். என் முகத்துக்கு நேரா ஆடாம பிடிங்க. அது போதும்."

பிடித்தார். நாற்பத்தெட்டையும் அவளே பார்த்து அடித்தாள். அத்தனை வருஷத்தில் அவர் உருப்படியாகச் செய்த வேலை அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. அதையும் ஒரு ஆணி செய்திருக்கும்.

பூட்டு திறந்தது. திரும்பிப் போகக்கூடிய நாட்கள் பட்டியலாக வந்தன. பதினொரு நாளைக்கு முந்தைய தேதி ஒன்று. அவர் அமுக்கியது அதைத்தான். இன்னொன்று நேற்றுச் சாயங்காலம் ஏழே முக்கால். அதன் எதிரில், 'டர்போ டாக்டர்' என்ற மென்பொருளை நிறுவுவதற்கு முன் எடுத்து வைத்தது என்று எழுதியிருந்தது.

நேற்று ஏழே முக்காலுக்கு அவள் குளித்துக்கொண்டிருந்தாள்.

"டர்போ டாக்டர் யாருங்க?" என்றாள்.

அவர் திருதிருவென்று விழித்தார். "அது... ஃப்ரீயா வந்தது. வேகம் கூட்டும்னு போட்டிருந்தான். போட்டதும் ஏகப்பட்ட விளம்பரமா வர ஆரம்பிச்சுது. நீ பாக்கறதுக்குள்ள எடுத்துடலாம்னுதான்..."

ஆக, சர்ப்ரைஸும் இல்லை, மண்ணும் இல்லை. செய்த அசட்டுத்தனத்தை மறைக்க அதைவிடப் பெரிய அசட்டுத்தனம். அவள் நேற்றைய தேதியைத் தேர்ந்தெடுத்தாள்.

"அதைத் தொடாதே! ஒரு ரிஸ்டோர் மேல இன்னொரு ரிஸ்டோர் போட்டா மதர்போர்டே போயிடும்" என்று பதறினார்.

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அமுக்கினாள்.

புள்ளிகள் சுற்றின. இருபது நிமிஷமாயிற்று. அவர் கை இரண்டு தடவை மின்பொத்தான் பக்கம் நீண்டது. இரண்டாம் தடவை அவள் அந்தக் கையை, கடைக்காரர் ஈயைத் தட்டுவதுபோல் தட்டிவிட்டாள்.

அப்போது கைபேசி ஒலித்தது. மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவு மேலாளர். எப்போதும் அவசரத்திலிருக்கிற அம்மாள்.

"என்ன மேடம், ஒண்ணுகூட இன்னும் வரலையே? கரண்ட் போயிடுச்சா?"

தயாராக இருந்த சொல்தான். மேலாளரே எடுத்துக் கொடுத்துவிட்டார். கணவர் ஆவலோடு அவளைப் பார்த்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்த பிறகு அவளால் பூசி மெழுக முடியவில்லை.

"இல்ல மேடம். என் வீட்டுக்காரர் லேப்டாப்பைக் கெடுத்துட்டாரு. நான் சரி பண்ணிக்கிட்டிருக்கேன். நாலு மணிக்கு மேல ஒரு மணி நேரம் குடுங்க."

எதிர்முனையில் மேலாளர் சிரித்தார். "எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்காரு. அஞ்சு மணி, அதுக்கு மேல போகாதீங்க."

அவள் கைபேசியை வைத்தாள். அவர் முகம் சிவந்திருந்தது.

"வெளியாள்கிட்ட என் மானத்தை வாங்கணுமா? நான் உனக்காகத்தானே பண்ணேன்?"

"எனக்காக ஒண்ணும் பண்ணாதீங்க. மிக்ஸிலேர்ந்து ஆரம்பிச்சு எல்லாத்துக்கும் சேத்துச் சொல்றேன்."

அவர் எழுந்து பால்கனிக்குப் போய், துணிக்கொடியைப் பார்த்தபடி நின்றார். லேப்டாப்பில் அவளுடைய பழைய முகப்புத் திரை வந்தது. பதிமூன்று அறிக்கைகளும் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. முதல் வேலையாக அவற்றை அனுப்பினாள். மீதி ஐந்தையும் ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது முடித்தாள். நன்றாகச் செய்தோம் என்ற நிறைவைவிட, இவ்வளவுதானா என்ற ஏமாற்றம்தான் அவளிடம் மிஞ்சியது. படித்துப் பார்த்தால் புரிகிற விஷயத்துக்கா இத்தனை காலம் இந்த மனிதர் முன்னால் கைகட்டி நின்றோம் என்று தன்மேலேயே ஏளனம் வந்தது. லேப்டாப்பைத் தன் பெயருக்கு மாற்றி, புதுக் கடவுச்சொல் போட்டாள். நாற்பத்தெட்டு இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வைத்தாள்.

பால்கனியிலிருந்து அவர் அனுப்பிய சேதியைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் நாத்தனார் அவரைக் கூப்பிட்டாள். அவர் கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் பேசுவார்.

"என்ன அண்ணா, அண்ணி லேப்டாப் போயிடுச்சாமே?"

"ஆமாம்மா. சிஸ்டம் கரப்ட். நாற்பத்தெட்டு நம்பர் சாவி போட்டுத் திறந்தோம். என் போன் மட்டும் இல்லேன்னா இன்னைக்கு உங்க அண்ணி கதை கந்தல்."

"உன் கைராசி அப்படி!" என்றாள் நாத்தனார்.

சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளுக்கு எல்லாம் கேட்டது. மறுத்துச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

அடுத்த வாரம் அவள் மேலாளரிடம் போய், பதிவேட்டு அறையில் ஒரு மேசை கேட்டாள். ஜன்னலோரம் ஒன்று காலியாகத்தான் இருந்தது. காலை ஒன்பதிலிருந்து இரண்டு வரை அங்கேயே உட்கார்ந்து அடிக்கிறாள். அங்கே ஏதாவது கணினி மக்கர் பண்ணினால், தொழில்நுட்ப ஆள் வருகிறவரை அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். தெரிந்தால் செய்கிறாள், தெரியாவிட்டால் தெரியாது என்கிறாள்.

"நான் வேணா ஒருநாள் வந்து உங்க ஆபீஸ் சிஸ்டத்தையெல்லாம் ஒரு பார்வை பாக்கவா?" என்று அவர் ஒருமுறை கேட்டார்.

"குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" என்றாள் அவள்.

அவர் தட்டை நீட்டினார்.