வெள்ளையாக விழுந்த புழுதி

எண்பதுகளில், மழை பொய்த்த ஓர் ஆடிக் கடைசி. மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் புழுதிப் புயலை அளப்பதுதான் எனக்கு வேலை. அரபிக்கடலைத் தாண்டி வரும் புழுதியைச் செயற்கைக்கோள் படம் பிடிக்கும். மொட்டை மாடி ஏரியல் வழியாக அது எங்கள் மெஷினில் தாளாக வந்து விழும். "மண்ணை அளக்கவா இம்புட்டுப் படிப்பு?" என்று கேலி பேசாத ஆள் ஊரில் இல்லை.

அன்று காலை அண்ணன் வந்து நின்றார். நாகமலைக்கு மேற்கே எங்களுக்கு மானாவாரி நிலம். வெள்ளாமை தொடர்ந்து கருகி, மாடும் போய், வீட்டில் மிஞ்சியது ஒரு பானை விதைச் சோளம். பிள்ளைகள் பசியில் அழுதபோதும் மதினி அதில் கை வைக்கவில்லை.

"இன்னைக்கு ஏர் இரவல் கெடைக்குது, தம்பி. விட்டா பருவம் போயிரும். மேகம் வருதா, அத மட்டும் சொல்லு."

விடியுமுன் வந்த அகச்சிவப்புப் படம் மேசையில் கிடந்தது. அதில் சூடு மட்டும்தான் தெரியும். சூடான இடம் கறுப்பு, குளிர்ந்த இடம் வெள்ளை. கேரளக் கரைக்கு வெளியே பெரிய வெள்ளைத் திட்டு. அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது.

"பொறுங்கண்ணே. மேகமும் வெள்ளையா விழும், உசரத்துல குளிர்ந்து நிக்கிற புழுதியும் வெள்ளையாத்தான் விழும். மத்தியானப் படம் வரட்டும்."

"காலம்பூராம் புழுதிக்குள்ள கெடக்குறவன்டா நான். புழுதி என்னைக்கு வெள்ளையா இருந்துச்சு?" என்று எரிந்து விழுந்தார். படியிறங்கிப் போய்விட்டார்.

மத்தியானப் படம் வெயில் வெளிச்சத்தில் எடுத்தது; கண்ணால் பார்ப்பதுபோல் காட்டும். மேகத்தின் திரட்சியே இல்லாமல் திட்டு மங்கலாக, மெல்லிய பூச்சாகக் கிடந்தது. அம்புட்டும் புழுதி. ஐயோ, பாவி மனுசன் விதைத்திருக்கக் கூடாதே என்று கோரிப்பாளையத்தில் ஓடிப்போய் பஸ் பிடித்தேன். நின்று நின்று போன அந்த பஸ்ஸை வழியெல்லாம் திட்டித் தீர்த்தேன்.

பானை வரப்பில் காலியாகக் கிடந்தது. விதைத்து முடித்திருந்தார்.

"மழையில்லண்ணே. புழுதிதான்."

அவர் காலிப் பானையை எடுத்து வரப்பில் கவிழ்த்து வைத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மதினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உழவுச் சாலில் முட்டி போட்டாள். கையால் மண்ணைக் கிளறி, ஒரு சோளத்தை எடுத்து ஊதி மடியில் போட்டாள். பிள்ளைகளும் இறங்கினார்கள்.

"எறும்பு தூக்குறதுக்குள்ள வாங்க தம்பி. பிள்ளைகளுக்கு ஒரு வேளைக் கஞ்சிக்காவது ஆகும்."

நான் குனிந்தேன். கொஞ்ச நேரம் வரப்பிலேயே நின்றிருந்த அண்ணனும் வந்து, தான் விதைத்ததைப் பொறுக்க என் பக்கத்தில் உட்கார்ந்தார்.