விடாப்பிடி

புது பூட்ஸை மாட்டிக்கொண்டு, வெந்நீர் வாளிக்குள் இரண்டு காலையும் விட்டு உட்கார்ந்திருக்கிறான் வில்ஃப் ஓக்டன். தோல் ஊறிப் பாதத்தோடு ஒட்டவேண்டும். ஹால்ஷா கால்பந்து கிளப்பில் சேர்ந்த நாளிலிருந்து புது ஜோடிக்கெல்லாம் இதே வைத்தியம்தான்.

"கறி மாதிரி வேக வெச்சு என்ன பண்ணப்போற? உன்னை ஆடவா கூப்பிடப் போறாங்க?" அடுப்படியிலிருந்து மனைவி ஹெட்டி குத்துகிறாள்.

"வாயை மூடு. இன்னும் கொஞ்சம் சுடுதண்ணி ஊத்து."

வயது முப்பத்திரண்டு. பஞ்சாலைக்குப் போகாமல் காப்பாற்றிய கால்கள். மிஞ்சிப் போனால் இன்னும் இரண்டு வருஷம் ஓடும். பக்கத்து ஊர் ரெத்டேல் கிளப் அவனைக் கேட்டது. ஹால்ஷா விடவில்லை. பழைய கிளப் கையெழுத்துப் போட்டு விடாவிட்டால் எந்த மைதானத்திலும் இறங்க முடியாது. அப்படி ஒரு சட்டம். எழுதினவன் பந்தை உதைத்தவனாக இருக்க மாட்டான்.

ஆட்டக்காரர்களைப் பொறுக்குவது பில்லிங் என்ற கசாப்புக் கடைக்காரர். கிளப் டைரக்டர். மாட்டுத் தொடையைத் தட்டிப் பார்க்கிற மாதிரியே ஆளையும் பார்ப்பார். முகத்துக்கு நேரே சொன்னார்: "இங்க நீ ஆட வேணாம். அங்க போயி நமக்கே கோல் போடவும் வேணாம்."

காலையில் மைதானத்தைச் சுற்றி வெறும் ஓட்டம். பந்து கிடையாது. பயிற்சியாளர் கிரிம்ஷா அதை அலமாரியில் பூட்டி வைத்திருப்பார்.

"வாரம் பூரா பந்தைக் கண்ணால பாக்காம இருந்தாத்தான்டா சனிக்கிழமை பசி எடுக்கும்."

"எனக்குத்தான் சனிக்கிழமையே இல்லையேண்ணே, பசி எதுக்கு?"

கிரிம்ஷா அலமாரிச் சாவியைப் பைக்குள் இன்னும் கீழே தள்ளினார்.

சனிக்கிழமை. எதிரே ரெத்டேல். வில்ஃப் கோட்டு போட்டு, காலில் அந்தப் பூட்ஸோடு, எல்லைக்கோட்டை ஒட்டிக் கூட்டத்தில் நிற்கிறான். ஹால்ஷா ஒரு கோல் பின்தங்கிக் கிடக்கிறது; ஆட்டம் முடியப்போகிறது. கோட்டுக்கு வெளியே உதைபட்ட பந்து சேற்றில் உருண்டு அவனிடமே வருகிறது. பாதத்தால் அமுக்கினான். நின்றது.

"எடுத்துப் போடுய்யா! காது செவிடா?" பின்னாலிருந்து கூட்டம் கத்துகிறது.

மேலே டைரக்டர் நாற்காலியிலிருந்து பில்லிங் எழுந்துவிட்டார். முகம் அவர் கடை ஈரல் நிறத்தில். "ஓக்டன்! விடுடா அதை! நேரம் போகுது!"

வில்ஃப் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். கோட்டுப் பைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு, பந்தின் மேலிருந்த காலை இன்னும் அழுத்தி ஊன்றினான்.