சீனக் கவிஞரும் குழந்தை வண்டிலும்

வழியை மறிக்காதவரை, மாடிப்படியின் கீழே குழந்தை வண்டிலை நிறுத்தலாம். மியூனிக்கில் எங்கள் கட்டடத்தின் இன்றைய விதி அதுதான். நேற்று எங்கள் வாசலில் ஒரு புது வண்டில் நின்றது. அதன் ரப்பர்ச் சில்லு மணத்ததும் பழைய சீனக் கவிஞர் ஒருவர் ஞாபகத்துக்கு வந்துவிட்டார். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

2002இல் நாலாம் மாடியில் சுதா இருந்தாள். கைக்குழந்தைக்காரி. வயிற்றை வெட்டிப் பிள்ளை எடுத்ததால் பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். கட்டடத்தில் லிப்ட் கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள் வண்டிலை எடுக்காவிட்டால் அகற்றப்படும் என்று நிர்வாகம் அறிவித்தல் ஒட்டிவிட்டது.

நான் யாழ்ப்பாணக் கச்சேரியில் கோப்புகளோடு காலந்தள்ளியவன். விடுவேனா? மூன்று பக்கத்தில் ஓர் அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எழுதினேன். ஜெர்மன் வசனத்தில் வினைச்சொல் கடைசியில் வரும். என்னுடையதில் அது அடுத்த பக்கத்தில் வந்தது. சுதாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“அண்ணை, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை.”

“விளங்காமல் எழுதினால்தான் பிள்ளை, கந்தோரிலை மதிப்பு.”

“அப்ப அந்த மதிப்போடை வண்டிலையும் நீங்களே நாலாம் மாடிக்குத் தூக்குங்கோ.”

நிர்வாகத்தின் கந்தோர் நகரில் வேறொரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில். லிப்டில் போய்க் கொடுத்தேன். ‘ட்சைட்நா’ பதில் தருவோம் என்றார்கள். ‘நேரத்துக்குக் கிட்ட’ என்று அர்த்தம். எந்த நேரத்துக்கு என்று சொல்லமாட்டார்கள்.

அப்போது மாலை வகுப்பொன்றில் சீனக் கவிதை படித்துக்கொண்டிருந்தேன். சமையல் வகுப்பு நிரம்பிவிட்டதால் கிடைத்த இடம் அது. நான் சொன்ன கவிஞரை அங்கேதான் வாசித்தேன். அவரே ஓர் அரச உத்தியோகத்தர். ஆனாலும் ஏழைகளைப் பிழியும் அதிகாரிகளை விடமாட்டார். அலங்காரம் இல்லை, கூச்சல் இல்லை. நடந்ததை யாருக்கும் விளங்கும்படி சொல்லிக்கொண்டே போய், கடைசி வரியில் அதிகாரியின் காலை மிதிப்பார். எனக்குச் சுருக்கென்றது. நான் மிதித்ததெல்லாம் இலக்கணத்தைத்தான்.

சுதாவுக்குக் கடைக்குப் போய்வருமளவு ஜெர்மன் தெரியும். அவளுக்கு விளங்காத சொல்லையெல்லாம் வெட்டினேன். ஐந்து வரி மிஞ்சியது. வியாழக்கிழமை அறிவித்தல் பலகையில் ஒட்டினேன்:

வண்டில் கீழே நிற்கிறது.
வழி திறந்திருக்கிறது.
பிள்ளை நாலாம் மாடியில்.
தாய் பாரம் தூக்கக்கூடாது.
எடுக்கச் சொன்னவரின் கந்தோரில் லிப்ட் இருக்கிறது.

மறுநாள் நிர்வாகத்தின் ஆள் வந்தார். வண்டிலுக்கு முன்னால் கதிரை போட்டு, கீழ்வீட்டு ஜெர்மன் அம்மா இருந்தார். என் வணக்கத்துக்கு ஒருநாளும் பதில் சொல்லாதவர். கடைசி வரியைக் காட்டி, அது உண்மையா என்று கேட்டார். வந்தவர் ஆமென்றார். அப்படியானால் போய் அதில் ஏறு என்றார் அம்மா. அவர் போய்விட்டார். வண்டிலை அதன்பிறகு ஒருவரும் தொடவில்லை.

இப்போது அந்த அம்மா இல்லை. பலகையும் இல்லை, அறிவித்தலெல்லாம் மின்னஞ்சலில். ஐந்து வரிக் கவிதை ஒட்ட ஓர் இடமில்லை. சுதாவும் டோர்ட்முண்ட் போய்விட்டாள்.

என் மூன்று பக்க அன்ட்ராக்குக்குப் பதில் வராமலில்லை. வண்டிலை நிறுத்த அனுமதித்திருந்தார்கள். சுதாவின் மகன் முதுகில் பையோடு முதலாம் வகுப்புக்குப் படியிறங்கிய அன்று அந்தப் பதில் வந்தது: 2008 செப்டெம்பர் 16.