எலிக்கெம் தம்பியும் இரட்டையரின் லேப்டாப்புகளும்

வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு நான் மறுபடி கடைக்கு வந்த வாரம், பக்கத்துக் கடை எலிக்கெம் தன்னிடமிருந்த ஒரே மேசை விசிறியை என் அடுப்புப் பக்கமாகத் திருப்பி வைத்தார். "ஏன் தம்பி?" என்றதற்கு, "மெஷினுங்களுக்கு இந்தக் காத்து ஆகல அக்கா, தூசி அடைக்குது" என்றார். நானும் அதை நம்பி, அந்தக் காற்றில் உட்கார்ந்து, விற்பதற்குப் புளித்த சோளமாவுக் கென்கே உருட்டி இலையில் சுற்றிக்கொண்டிருந்தேன். லேப்டாப்புக்குச் சூடுதான் சத்துரு, காற்றில்லாவிட்டால் மயங்கிவிடும் என்று வேறொருவர் சொல்லி ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது.

ஹோ பட்டணத்துச் சந்தை ஓரத்தில் எங்கள் இரண்டு பேர் பெட்டிக்கடையும் பக்கம் பக்கமாக ஒட்டியிருந்தன. அவர் பலகையில் 'தேவன் செய்து முடிப்பார் கம்ப்யூட்டர்ஸ்' என்று எழுதியிருக்கும். வேலை தாமதமானால் வாடிக்கைக்காரர்கள், "தேவன் முடிக்கிறது இருக்கட்டும், நீ எப்பய்யா முடிப்பே?" என்பார்கள். "அவரு கரண்ட் குடுத்ததும் நான் முடிச்சுருவேன்" என்று சிரிப்பார்.

வெளிநாட்டு அலுவலகங்களில் உழைத்துத் தேய்ந்த லேப்டாப்புகள் கப்பலில் வந்து, தலைநகர் அக்ரா வழியாக எங்கள் ஊருக்கு வரும். திறந்தால் யாரோ ஒருவர் பெயர் வரும், நாங்கள் யாரும் வாசிக்கத் தெரியாத மொழியில். எலிக்கெம் பென் டிரைவைச் செருகி, உள்ளே இருப்பதை அடியோடு அழித்து, புதிதாக ஓ.எஸ். போட்டுக் கொடுப்பார். அழிக்கும் பொத்தானை அமுக்குமுன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்பார்: "போனா அழுற மாதிரி எதுவும் உள்ள இருக்கா?" பதில் வந்த பிறகுதான் அமுக்குவார். கேட்காமல் அமுக்கி நான் பார்த்ததில்லை.

துணி விற்கும் டெலாலி ஒருநாள் தலையில் துணி மூட்டையோடு வந்தாள். அவள் இரட்டை ஆண் பிள்ளைகளைப் பெற்றவள். அப்படிப்பட்ட தாயை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டோம், வெனோ என்போம். மூத்தவன் அட்சு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கடைசி வருஷம். இளையவன் எட்சே வயரிங் வேலை கற்றுக்கொண்டிருந்தான். ஒருவனுக்குச் சட்டை எடுத்தால் இருவருக்கும் ஒரே துணியில் எடுப்பாள். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் கசாயம் இருவருக்கும். எங்கள் பக்கத்தில் இரட்டையரை வளர்ப்பது அப்படித்தான். லேப்டாப்பும் ஒரே மாதிரி இரண்டு வாங்கிக் கொடுத்திருந்தாள்.

மூட்டையை அவிழ்த்தாள். இரண்டும் இருந்தன.

"ரெண்டுக்குமா நோவு, வெனோ?" என்றார் எலிக்கெம்.

"நோவு எட்சேயோடதுக்குத்தான். கேம் விளையாடி விளையாடி வைரஸ் ஏத்திட்டான். ஆனா ஒருத்தனுக்குச் செஞ்சுட்டு ஒருத்தனை விட்டா என் வீடு தாங்குமா? ரெண்டையும் கழுவிப் புதுசாக்கிக் குடு."

"போனா அழுற மாதிரி எதுவும் உள்ள இருக்கா? பசங்களைக் கேட்டீங்களா?"

"கேட்டாச்சு, கேட்டாச்சு. சீக்கிரம் பண்ணு, மழை வருது."

அவள் கேட்டது எட்சேயை மட்டும். அட்சு அப்போது மாமன் வீட்டுக்குப் போயிருந்தான்.

மறுநாள் காலை தலைத்துணிகூடக் கட்டாமல் ஓடி வந்தாள். கல்லூரிக்கு அட்சு ஒரு பெரிய ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தான். விடுமுறை முடிந்ததும் அதைக் கொடுத்தால்தான் ஆசிரியர் பட்டம். வருஷம் முழுக்க எழுதியது, அந்த லேப்டாப்பைத் தவிர வேறெங்கும் இல்லை.

"எங்க போச்சு தம்பி அது?"

"எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் வெனோ புதுசு போடுறது. அதுக்குத்தான் கேட்டேன்."

"கழுவுறதுன்னுதானே நெனச்சேன்! புள்ளையைக் குளிப்பாட்டினா அழுக்குத்தானே போகும், புள்ளையுமா போகும்?" என்று அடிவயிற்றிலிருந்து அழுதாள். "நான் எடுத்துட்டு வந்தது அவனுக்குத் தெரியாது. திறந்து பாத்துட்டு, சாப்பிடாம செவத்தைப் பாத்து உக்காந்திருக்கான். சின்ன வயசுலேயிருந்தே அவன் சொல்றது ஒண்ணுதான். அவனுக்கு நோவுன்னா எனக்கு எதுக்குக் கசாயம்னு. இப்ப இதுவும் என்னாலன்னு தெரிஞ்சா என் மூஞ்சியிலயே முழிக்கமாட்டான்."

இரட்டைப் பிள்ளை மனம் கசந்தால் தாய்க்கு ஆகாது என்பது எங்கள் முன்னோர் சொல். நாங்கள் சபைக்குப் போகிறவர்கள்தான். ஆனாலும் அந்தப் பயம் எலும்பில் இருக்கிறது.

எலிக்கெம் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தார். பிறகு, "அதுல ஒரு எழுத்துகூட அடிக்காம அப்படியே தூக்கிட்டு வரச் சொல்லுங்க. மேல எழுதாம இருந்தா தோண்டிப் பாக்கலாம். அவன் வந்தா நான் பேசிக்கிறேன். நீங்க வாயே தொறக்காதீங்க" என்றார்.

அட்சு வந்தான், பின்னாலேயே வெனோவும். லேப்டாப்பை மேசைமேல் வைத்த சத்தத்திலேயே சந்தை திரும்பிப் பார்த்தது.

"யாரு தொட்டது இதை?"

"நான்தான். உன் தம்பியோடதுக்குத்தான் ஓ.எஸ். போடச் சொன்னாங்க. உன்னுதைச் சும்மா தூசி தட்டிக் குடுக்கத்தான் குடுத்தாங்க. ரெண்டும் ஒரே அச்சு. கவனிக்காம ரெண்டையும் அழிச்சுட்டேன். தப்பு என்னுது."

வெனோவின் கை வாய்க்குப் போனது.

"கண்ணு இல்லயா உனக்கு? பலகையில தேவன் பேரு வேற! என் படிப்பையே அழிச்சுட்டியே, பாவி!"

எதிரே போன் உறை விற்கிறவன், "அதான் தேவன் செய்து முடிச்சுட்டாரே!" என்று கத்தினான். நாலு பேர் சிரித்தார்கள். எலிக்கெம் தலை குனிந்து ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு தோண்டும் வேலை. அதற்கென்று ஒரு புரோகிராம் ஓடியது. நாள்கணக்கில் ஓடியது. அழிந்தவை பெயரில்லாமல் குவியலாக வந்து விழுந்தன: பாட்டு, படம், பாதி எழுத்து. கரையில் கொட்டிய பொடிமீன் போல, எது எதுவென்று ஆள் உட்கார்ந்து பொறுக்க வேண்டும். முதல் நாள் அட்சு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். "இது உன் எழுத்தா பாரு" என்று எலிக்கெம் கேட்டால், தோளுக்குமேல் எட்டிப் பார்த்து "இல்ல" என்பான். அடுத்த நாள் ஸ்டூலைத் திருப்பினான். அப்புறம் இருவர் தலையும் ஒரே திரைமேல் கவிழ்ந்திருந்தன. "இதான்! இது ரெண்டாம் அத்தியாயம்!" என்று அவன் கத்தியபோது என் மிளகாய்ச் சட்டினி கொட்டிவிட்டது. நான் கோபித்துக்கொள்ளவில்லை. இருவருக்கும் கென்கே கொடுத்தேன், ஒரே தட்டில் தின்றார்கள்.

கடைசி அத்தியாயம் மட்டும் வரவில்லை. கரண்ட் போனாலும் எலிக்கெம் கடையில் பேட்டரி உண்டு என்பதால், அட்சு அங்கேயே உட்கார்ந்து அதைத் திரும்ப எழுதினான். "முன்ன எழுதினதைவிட இது நல்லாயிருக்கு" என்று முணுமுணுத்தான். "அப்ப எனக்கு நன்றி சொல்லு" என்றார் எலிக்கெம். "வாங்கிக் கட்டிக்காதீங்க" என்றான் அவன். ஆனால் சிரித்தான். கல்லூரி திறந்ததும் கட்டுரையைக் கொடுத்துவிட்டான்.

அட்சு பிழைத்தான், எலிக்கெமின் பேர் பிழைக்கவில்லை. "யாரு, இரட்டையரோடதை அழிச்ச ஆளா?" என்று கேட்டுவிட்டு லேப்டாப்பை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோனார்கள். வெறும் மேசையைத் துடைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்காது. வெனோ வருவாள், அவர் எதிரே நிற்கமாட்டாமல் என்னிடம் தேவையில்லாத கென்கேயெல்லாம் வாங்கிக்கொண்டு போவாள். பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லக்கூடாது என்பது கட்டளை. இவர் சொன்னது தனக்கு விரோதமாக. அது பாவக் கணக்கில் சேருமா என்று ஜெபத்தில் கேட்டிருக்கிறேன். நான் படித்தது ஆரம்பப் பள்ளி மட்டும், இதற்குமேல் எனக்குத் தெரியாது.

இந்த வருஷம் அட்சுவுக்கு வேலை கிடைத்த ஸ்தோத்திர ஆராதனையன்று, வெனோ தன் வாயாலேயே இரண்டு பிள்ளைகளிடமும் நடந்ததைச் சொல்லிவிட்டாள். அதனால்தான் நானும் எழுதத் துணிந்தேன். ஆனால் அதற்கு வெகுநாள் முன்பே, சாலையை அகலமாக்குகிறோம் என்று பெட்டிக்கடைகளை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். நான் தேவாலயத்து மதில் ஓரம் இடம் பிடித்தேன். எலிக்கெம் மனைவியின் ஊரான ஹோஹோயேக்குக் கிளம்பினார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அவர் கிளம்பிய அன்று, வேனில் கடைசிப் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தபோது கிட்டே போனேன். "தம்பி, ஊரை விட்டே போற. இப்பவாவது அட்சுகிட்ட உண்மையைச் சொல்லிடட்டுமா? கெட்ட பேரோட போகாதய்யா" என்றேன்.

அவர் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டுத் திரும்பினார். "வேண்டாம்க்கா. என் மேல வந்த கோவம் ஒரு தட்டுக் கென்கேயில தீந்துபோச்சு. பெத்தவ மேல வந்தா அவ்வளவு சுளுவாத் தீராது. அவங்க சொல்லணும்னு தோணுற அன்னிக்கு அவங்களே சொல்லிக்கட்டும்."