கல்லாய்ப் போன ஸ்டியரிங்

பின்னால் பதினாலு பிள்ளைகளை உட்காரவைத்துக்கொண்டு, திரும்பாத ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வாய் உலர்ந்துவிடும். நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும்.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வேன் என் சொந்தம். பழைய டீசல் வண்டி, என்னிடம் வருவதற்கு முன் இரண்டு கை மாறியது. கரையான்சாவடியில் பிள்ளைகளை ஏற்றி, சென்னீர்குப்பத்தில் ஹைவேயைத் தொட்டு, சர்வீஸ் ரோட்டில் இறங்கிப் பள்ளிக்குப் போக வேண்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆயாம்மா கூட வருவாள். திரும்பி வரும்போதும் என்னோடுதான் வருவாள்.

ஆயுத பூஜை முடிந்து சில நாட்களில் ஆரம்பித்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்பக்கம் ஒரு முனகல். பிறகு கனம். ஒரு திருப்பத்தில் ஒற்றை விரலுக்குச் சுற்றும். அடுத்ததில் கல். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியையும் நான் ஓட்டியிருக்கிறேன். அது எப்போதும் கனமாகவே இருக்கும், கை அதற்குப் பழகிக்கொள்ளும். இது அப்படியில்லை. எந்த வளைவில் கல்லாகும் என்று சொல்லவே முடியாது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் வேகத்தைக் குறைத்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சென்னீர்குப்பத்தில் என் வழக்கமான மெக்கானிக்கிடம் போனேன். என்னைவிடச் சின்னவன், வாய் நீளம். பானெட்டைத் திறந்து ஆயில் டப்பாவைப் பார்த்தான். ஆயில் குறைந்திருந்தது. ஊற்றினான், பெல்ட்டை இறுக்கினான்.

“வயசான வண்டிக்கா. ஒனக்கும் கைல பெலம் கொறஞ்சிகினு வருது. தெனம் ரெண்டு முட்ட துன்னு.”

அவன் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கி அவன் மண்டையிலேயே போடலாம் போலிருந்தது. போடவில்லை. கொஞ்ச நாளில் ஆயில் மறுபடி குறைந்தது, ஸ்டியரிங் மறுபடி கல்லானது. புது பெல்ட் மாட்டினான். சரியான மாதிரி இருந்தது, பிறகு அதே கதை. கடைசியில், “ஸ்டியரிங் பாக்ஸ் பூட்ச்சுக்கா. எறக்கணும், ஒரு வாரம் வண்டிய உடு” என்றான்.

பள்ளியில் வேன்களைக் கவனிக்கிற ஆளுக்குப் போன் செய்தேன். “ஒரு வாரமெல்லாம் முடியாது மேடம். அட்ஜஸ்ட் பண்ணி ஓட்டுங்க. பேரன்ட்ஸ்கிட்ட எதுவும் சொல்லிடாதீங்க” என்றான். அவன் பிள்ளை என் வேனில் வரவில்லை. அதனால் அவன் வாயில் அட்ஜஸ்ட் என்ற சொல் அவ்வளவு சுலபமாக வந்தது. முடியாது என்றால் வேறு வேனுக்கு என் ரூட்டைக் கொடுத்துவிடுவான். ஓட்டினேன்.

ஆயாம்மாவுக்கும் தெரிந்திருந்தது. வளைவு வந்தால் அவள் உதடுகள் முணுமுணுப்பதைக் கண்ணாடியில் பார்ப்பேன். வெள்ளிக்கிழமைகளில் நான் வருவதற்கு முன்பே வந்து பானெட் பக்கம் நின்றிருப்பாள். கற்பூரம் காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மழைக் காலையில் அது நடந்தது. ஹைவேயிலிருந்து சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கும் வளைவு. செம்பரம்பாக்கம் குடோன்களுக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஒன்று ராங் சைடில் எதிரே வந்தது. நான் ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒடித்தேன். பெல்ட் கிறீச்சிட்டது. ஸ்டியரிங் அசையவில்லை. சீட்டை விட்டு எழுந்து நின்று இழுத்தேன். பிரேக்கை மிதித்தேன். லாரியின் பம்பருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு முழம் கூட இல்லாத இடத்தில் வண்டி நின்றது.

“ஆன்ட்டி, சூப்பர்! இன்னொரு தபா!” என்று பிள்ளைகள் கைதட்டினார்கள்.

லாரிக்காரன் தலையை வெளியே நீட்டி, “இன்னாம்மா, ஊட்ல சொல்லிகினு வந்தியா?” என்றான். ராங் சைடில் வந்தவன் அவன். வேறொரு நாளாக இருந்தால் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டியிருப்பேன். அன்று பின்னால் திரும்பிப் பிள்ளைகளை எண்ணினேன்.

நடக்கிற வேகத்தில் ஓட்டிப் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கினேன். ஆயாம்மாவோடு நேரே மெக்கானிக்கிடம் போய்ச் சாவியை அவன்மேல் விட்டெறிந்தேன்.

“நீ ஓட்டு.”

சிரித்துக்கொண்டேதான் ஏறினான். அதே வளைவுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். திருப்பினான். ஸ்டியரிங் அவனுக்கும் கல்லானது. “ஐயய்யோ” என்று கத்தி பிரேக்கில் ஏறி நின்றான். சுவருக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“யக்கா, இத்தயா புள்ளைங்கள ஏத்திகினு ஓட்ன?”

“இன்னைக்கு முட்ட துன்னியா நீ?” என்றேன்.

கடைக்கு வந்தபின் அவன் ஒழுங்காக வேலை பார்த்தான். முதலில் எல்லா இடத்தையும் துணியால் துடைத்துக் காயவிட்டான். இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சுற்றச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தான். ஆயில் டப்பாவுக்குள் நுரை. காற்று புகுந்திருக்கிறது. அவன் குற்றம் சொன்ன ஸ்டியரிங் பாக்ஸ் சொட்டு ஈரமில்லாமல் காய்ந்திருந்தது. ஈரம் வேறு இடத்தில் இருந்தது. ஆயிலைத் தள்ளுகிற பம்பின் முன்பக்கம், பெல்ட் ஓடும் புல்லிக்குப் பின்னால். அங்கே கசிந்த ஆயில் பெல்ட்டில் தெறித்திருக்கிறது. பெல்ட் வழுக்கினால் பம்பு சுற்றாது, பம்பு சுற்றாவிட்டால் ஸ்டியரிங் கல். புது பெல்ட் கொஞ்ச நாள் பிடித்ததும், ஆயில் பட்டபின் வழுக்கியதும் இதனால்தான்.

“பாக்ஸ் நல்லா கீதுக்கா. பம்பு சீல்தான் பூட்ச்சு.”

புல்லியைக் கழற்றினான். உள்ளே, சுற்றுகிற தண்டில், கறுத்துப்போன நைலான் நூல் இறுக்கமாகச் சுற்றியிருந்தது. கொக்கியால் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. நடுவில் காய்ந்த சாமந்திக் காம்பு. ஆயில் வெளியே வராமல் தடுக்கிற ரப்பர் சீல் வளையத்தை இந்த நூல்தான் அறுத்திருக்கிறது.

“இன்னாக்கா, பூக்கடையே வெச்சிகினு கீற உள்ள?”

நான் திரும்பி ஆயாம்மாவைப் பார்த்தேன். அவள் முகம் செத்துப்போயிருந்தது. ஆயுத பூஜைக்கு இன்ஜின்மேலேயே ஒரு மாலை போட்டிருக்கிறாள். வேலை செய்வது இன்ஜின்தானே, வெளியே போட்டு என்ன பயன் என்று அவளே சொன்னாள். ஸ்டியரிங் கெட்டுப்போன பிறகு வெள்ளிக்கிழமைதோறும் பூட்டுக் கெட்ட பானெட்டைத் தூக்கி ஒரு சரம் உள்ளே கட்டியிருக்கிறாள். வண்டி ஓடியதும் புல்லி அதை உள்ளே இழுத்துக்கொண்டதால் யார் கண்ணிலும் படவில்லை.

கத்தினேன். நன்றாகவே கத்தினேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் அழவில்லை.

“நீ பயந்துகினு ஓட்றத கண்ணாடில பாத்துகினுதானே கீறேன் கண்ணு. புள்ளைங்க வேற. நான் வேற இன்னா பண்ணுவேன்?”

நான் ஆயில் ஊற்றி ஊற்றி ஓட்டினேன், அவள் பூ கட்டினாள்.

அன்றே மெக்கானிக் சீல், பெல்ட் இரண்டையும் மாற்றினான். பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றி, நுரை அடங்கும்வரை ஸ்டியரிங்கைச் சுற்றிக்கொண்டே இருந்தோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆயாம்மா கையில் பூவோடு வந்தாள். பானெட்டிலிருந்து தள்ளியே நின்றாள்.

“இத்த இன்னா பண்றது?”

“தலைல வெச்சிக்கோ. வண்டிகிட்ட கொண்டாந்த, கொன்னுடுவேன்.”

பாதியைக் கிள்ளி என்னிடம் நீட்டினாள். வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்த வளைவு வந்தது. பழக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு முழு பலத்தோடு இழுத்துவிட்டேன். ஸ்டியரிங் பூப்போலச் சுற்றியது. வண்டி துள்ளி இடதுபக்க மண்ணில் இறங்கியது. பிள்ளைகள் ஒரே பக்கம் சரிந்து, சிரித்துக் கூச்சல் போட்டார்கள். நிறுத்திவிட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். ஆயாம்மா சாமி கும்பிடவில்லை. இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகளின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தாள்.

“மெதுவா கண்ணு. இப்போ அது திரும்புது.”

திரும்பத்தான் செய்கிறது. ஆனாலும் அந்த இடத்தில் எனக்கு இன்னும் வாய் உலர்கிறது.