சோதித்தவர்: செ. நாகஜோதி

என் தங்கை நாகஜோதி மல்லுக்கட்டி வாங்கியவை இவை. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவில் ஓர் இடம். இருபத்தொரு பேரில் அவள் ஒருத்திதான் பெண். கூரை மேல் ஏறும் உரிமை. அதற்கு முன் ஏழு மாதம் கீழேயே நின்று வயர் சுற்றினாள். தன் காலுக்குச் சரியான ஒரு ஜோடி பூட்ஸ். அது வரும்வரை ஆண்கள் பூட்ஸுக்குள் பழந்துணி அடைத்துக்கொண்டு முப்பத்து நான்கு வீட்டுக் கூரைகளில் ஏறியிருக்கிறாள், எண்ணி வைத்திருக்கிறேன். கல்லலில் எங்கள் தெருவில் "பொம்பளப் புள்ளைக்குக் கூரையில என்ன சோலி?" என்று கேட்டவர்கள் வாயாலேயே "நாகு வந்து ஒரு தடவை பாத்துட்டுப் போகட்டும்" என்ற பேச்சு. கடைசியாக, சோதனைத் தாளில் "சோதித்தவர்" என்று அச்சடித்த இடத்தில் அவள் பெயர்.

இதில் ஒன்றைக்கூட யாரும் தாமாக எடுத்துக் கொடுக்கவில்லை. கடைசியாகச் சொன்னதை அவள் எப்படி வாங்கினாள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதை மட்டும் எழுதுகிறேன்.

நான் பாண்டீஸ்வரி, அவளுக்கு ஆறு வயது மூத்தவள். எட்டாம் வகுப்போடு நின்றவள். செக்காலையில் நீலாயதாட்சி ஆச்சியின் பலகாரக் கூடத்தில் பதினொரு வருஷமாகத் தேன்குழல் பிழிகிறேன். கூடத்தின் பின்பக்கம் தகரம் போட்ட கொட்டகை. அதன் மேல் 2025 ஜனவரியில், பொங்கல் கழிந்த வாரம், பத்து சோலார் பேனல் மாட்டினார்கள். வேலையை எடுத்தவர் கார்த்திகேய சிவம் என்ற காண்ட்ராக்டர். மாட்டியவர்கள் அவரிடம் வேலை பார்த்த நாகஜோதியும் இராமு அண்ணனும்.

முதல் நாளே ஒரு பேச்சு வந்தது.

"தகரத்துக்கும் பேனலுக்கும் நடுவுல ஒரு சாண் இடைவெளி வேணும் சார். காத்து போகணும்" என்றாள் நாகஜோதி, மேலே நின்றுகொண்டு.

கீழேயிருந்து ஆச்சி கேட்டார்: "எதுக்கு இடைவெளி? ஒட்டியே வையி. என் வத்தல் தரையில காஞ்சா ரெண்டு நாளு, தகரத்துல காஞ்சா ஒரே நாளு. வெயில் கரண்டுன்னுதானே சொல்றீக? மேல வெயிலு, கீழ தகரச் சூடு. ரெண்டு பக்கமும் வாங்கட்டும்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது, மறைக்க மாட்டேன். எங்கள் ஊர்ப்பக்கம் வெளிச்சம் வந்தாலும் வெயில் வந்துவிட்டது என்போம், உடம்பு சுட்டாலும் வெயில் என்போம். ரெண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் ரெண்டும் ஒன்று என்றுதானே தோன்றும்.

"வெயில் வேற, வெளிச்சம் வேற ஆச்சி. இது வாங்குறது வெளிச்சத்தை."

"வெளிச்சம் மட்டும் வேணுமாம், சூடு ஆகாதாம். மாப்பிள்ளை வேணும், மாமியா வேணாங்கிற கதையால்ல இருக்கு" என்றார் ஆச்சி. கூடமே சிரித்தது.

சிவம் சாரும் சிரித்தார். "கஸ்டமர் சொல்றபடி மாட்டும்மா. பாடம் நடத்தவா உன்னையக் கூட்டியாந்தேன்?"

ஒட்டியே மாட்டினார்கள். இன்வெர்ட்டர் பெட்டியில் மதியம் நாலரை கிலோவாட் காட்டியது. அரவை மிஷின் ஓடியது. சோதித்தவர் என்ற இடத்தில் சிவம் சார் கையெழுத்துப் போட்டு, ஆச்சியோடு நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார். மீட்டரைப் பிடித்துச் சோதித்தவள் அப்போது ஏணியை மடக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷமாக அவள் செய்த எல்லா வேலைக்கும் இதே கதைதான். பள்ளிக்கூடத்துத் தாள்களில் அவள் போட்ட கையெழுத்து இருக்கிறது. செய்த வேலைக்குக் கீழே ஒன்றுகூடக் கிடையாது.

மே மாதம் அக்கினி நட்சத்திரம் பிறந்தது. தகரத்தில் தண்ணீர் தெளித்தால் சத்தம் கேட்கும். பெட்டியிலோ எண் நாலைத் தாண்டவில்லை.

"பனி மாசத்துல நாலரை, கத்திரியில நாலா? இது என்ன மிஷினு? கழட்டிட்டுப் போகச் சொல்லு" என்றார் ஆச்சி.

மே 5, திங்கட்கிழமை சிவம் சார் வந்தார். கூரை ஏறவில்லை. பையிலிருந்து டைப் அடித்த தாள் ஒன்றை எடுத்து, மாவு பிசையும் மேசையில் வைத்தார். வயர் இணைப்பில் நேர்ந்த தவறு என்னுடையது, இப்படிக்கு செ. நாகஜோதி என்று இருந்தது. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்.

"ஒண்ணுமில்லம்மா, சும்மா ஒரு பார்மாலிட்டி. போட்டுக் குடு. இராமுவை விட்டு வயரை மாத்தி ஆச்சியைச் சமாதானம் பண்ணிருவேன்."

நாகஜோதி தாளை முழுக்கப் படித்தாள். "நல்லா ஓடுனப்ப சோதிச்சது நீங்க. ஓடாதப்ப மாட்டுனது மட்டும் நானா சார்?"

"போடலைன்னா நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்."

"வரலை. ஆனா இந்தக் கூரை நான் மாட்டுனது. இதுல என்ன கோளாறுன்னு காட்டிட்டுத்தான் போவேன். என் வேலைன்னு முதமுதல்ல நான் போடுற கையெழுத்து பொய்க்குக் கீழ இருக்காது."

அவள் குரல் உயரவில்லை. நான் பிழிந்த தேன்குழல்தான் கோணலாக விழுந்தது.

மறுநாள் செவ்வாய். ஆச்சியைச் சரக்கு அறைக்குள் அழைத்தாள். ஜன்னல் இல்லாத அறை. அடுப்பிலிருந்த தோசைக்கல்லை நான் இடுக்கியால் பிடித்துக் கொண்டுபோய்ச் செங்கல் மேல் வைத்தேன். அவள் பையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சின்ன பேனல் இருந்தது. அதை மீட்டரோடு இணைத்து, முகத்தைக் கல்லுக்கு நேராகக் கவிழ்த்துப் பிடித்தாள். விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினேன். அனல் முகத்தில் அடித்தது. இருட்டில் மீட்டரின் எண் மட்டும் ஒளிர்ந்தது.

"எவ்வளவு காட்டுது ஆச்சி?"

"முட்டை."

"சூடு பத்தலையா?"

"புருவம் பொசுங்குதுடி."

விளக்கைப் போடச் சொல்லி, பேனலை டியூப்லைட்டுக்கு நேராகத் திருப்பினாள். நாலு புள்ளி ரெண்டு வோல்ட். சுடவே சுடாத டியூப்லைட். ஆச்சி மீட்டரையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெளிச்சம் தண்ணி மாதிரி ஒழுகி வரலை ஆச்சி, மணி மணியா வருது" என்றாள் நாகஜோதி. "மணிக்கு மணி பலம் வேற. நீலத்துக்குக் கூட, சிவப்புக்குக் கொறவு. பேனலுக்குள்ள எலக்ட்ரான்னு ஒண்ணு அது அது இடத்துல உக்காந்திருக்கு. அதை எழுப்பி ஓட விட்டாத்தான் கரண்டு. எழுப்ப ஒரு அளவு பலம் வேணும். ஒரே மணியில அந்தப் பலம் இருக்கணும். சின்ன மணி ஆயிரம் வந்து தட்டுனாலும் அது எந்திரிக்காது."

"சிவப்பு எழுப்புமா?"

"எழுப்பும். சிவப்புக்கு அங்குட்டு, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சமும் கொஞ்ச தூரம் வரைக்கும் எழுப்பும். அதுக்கும் அங்குட்டு இருக்கிறதுதான் இந்தக் கல்லுச் சூடு. இதுவும் வெளிச்சத்துல ஒரு சாதிதான், ஆனா பலம் பத்தாது. நீலத்துக்குப் பலம் தேவைக்கு மேல. ஒண்ணை எழுப்பிட்டு மிச்சத்தைப் பேனல்லயே சூடா விட்டுரும். அந்தச் சூடே பேனலுக்கு ஆகாது. நாம தகரத்தை வேற ஒட்டி வச்சிருக்கோம்."

"ஆகாதுன்னா?"

நாகஜோதி, விளக்கைப் பார்த்தபடியே இருந்த பேனலைக் கல்லுக்கு மேல் நாலு விரல் உயரத்தில் கம்பியில் நிறுத்தினாள். மேலே வெளிச்சம், கீழே சூடு; கூரையில் இருப்பதைப் போலவே. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மீட்டரை வாசித்தேன். நாலு புள்ளி ரெண்டு. இரண்டு நிமிஷத்தில் நாலு. ஐந்து நிமிஷத்தில் மூன்று புள்ளி ஏழு. கல்லை அகற்றியதும் மெல்ல ஏறத் தொடங்கியது. பேனலை வாசல் நிழலுக்குக் கொண்டுபோனாள். வெயில் படாத அந்த இடத்தில் மீட்டர் ஐந்தைத் தாண்டியது.

ஆச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "தகரத்தோட ஒட்டி வைக்கச் சொன்னது நானு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை.

பேனல்கள் இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து. பெட்டி ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனி எண் காட்டும். செவ்வாய் மதியம் பன்னிரண்டரைக்கு இரண்டையும் பலகாரப் பெட்டி அட்டையில் எழுதினேன்: 1.98, 1.97. புதன் அதே நேரம்: 1.97, 1.97. வியாழன் விடியக்காலையில், தகரம் சூடேறும் முன்னால், இராமு அண்ணனும் அவளும் தெற்கு வரிசையை மட்டும் கழற்றி, இரும்புச் சட்டம் கொடுத்து ஒரு சாண் உயர்த்தினார்கள். அண்ணன் முதலாளிக்குத் தெரியாமல் வந்திருந்தார். "கேட்டா அரியக்குடிப் பெருமாள் கோயிலுக்குப் போனேன்னு சொல்லிக்கிறேன்" என்றார். வயரில் கை வைக்கவில்லை. ஒரு இணைப்பைக்கூட மாற்றவில்லை.

பன்னிரண்டுக்குச் சிவம் சாரை ஆச்சியே போனில் கூப்பிட்டார். "வாரீகளா, இல்ல வேற ஆளைப் பாக்கவா?" என்றதும் கால் மணி நேரத்தில் வந்தார். காலையில் போனில் கோயில் என்று சொல்லியிருந்த இராமு அண்ணனைப் பார்த்து, "கோயில் இங்குட்டு மாறிருச்சா?" என்றார். அண்ணன் மேலே பார்த்தார்.

பன்னிரண்டரை. ஒட்டிய வரிசை 1.98. உயர்த்திய வரிசை 2.13.

"அந்த வரிசை ஆதியிலயே நல்லா இருந்திருக்கும்" என்றார் சிவம் சார்.

நான் அட்டையை நீட்டினேன். இரண்டு நாள், இரண்டு வரிசை, ஒரே நேரம். அவர் படித்தார். திருப்பியும் பார்த்தார், பின்பக்கம் சீப்புச் சீடை என்று அச்சடித்திருந்தது.

"வயரிங் தப்புன்னா சட்டத்தைத் தூக்குனதும் எப்படிச் சரியாகும் சார்?" என்று கேட்டாள் நாகஜோதி.

சிவம் சார் பையிலிருந்து புதிய சோதனைத் தாளை எடுத்தார். எண்களை அட்டையிலிருந்து பார்த்து அவரே நிரப்பினார். பழக்கத்தில் பேனா "சோதித்தவர்" என்ற இடத்துக்குப் போனது. நாகஜோதி தாளின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கையில் துரு, விரலில் இரும்புச் சட்டம் கிழித்த கீறல்.

"அது என் இடம் சார்."

"என்ஜினியர்தாம்மா போடுவாக."

"சோதிச்சவருன்னுதான் போட்டிருக்கு. என்ஜினியர்னு போடலை. திங்கக்கிழமை என் கையெழுத்து செல்லும்னா இன்னைக்கும் செல்லும்."

ஆச்சி முறத்தில் உளுந்து புடைத்தபடியே சொன்னார், "எனக்கு அந்தப் புள்ளை கையெழுத்துப் போட்ட தாளு போதும்."

கையை அவள் எடுக்கவில்லை. பேனாவை அவர் மேசையில் வைத்தார். அவள் எடுத்தாள். முதலில் அந்த டைப் அடித்த தாளைக் கேட்டு வாங்கினாள், நான்காக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டாள். பிறகு குனிந்து, எங்கள் அப்பா செம்மலையின் முதலெழுத்தோடு, புள்ளி ஒன்றும் விடாமல் எழுதினாள்: செ. நாகஜோதி. பக்கத்தில் தேதி போட இடம் இருந்தது. என்னைப் பார்த்தாள். காலண்டரைப் பார்க்காமலே சொன்னேன்.

2025 மே 8, வியாழக்கிழமை.